சிட்டுவுக்கு ஒரு ரீல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று மருந்துக்கடை, ஒரு நகைக்கடை. நகைக்கடைத் தராசு இரண்டு மில்லிகிராம் தள்ளிக் காட்டியது. முத்திரை போட மறுத்துவிட்டேன். "மேடம், ஒரு தூசி விழுந்தாகூட அவ்வளவு வருமே" என்றார் கடைக்காரர். "அப்போ தூசியைத் துடைச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்து நான்கு வருடமாகத் தராசுகளைச் சரிபார்க்கிறேன், எனக்கே தூசிப் பாடம்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குழாய்ப் பை சாய்த்து வைத்திருக்கிறது. நாத்தனாருக்கு வந்ததாம். உள்ளே தூண்டில் கோல்.

இவருடைய தங்கை. என்னைவிட இரண்டு மாதம் பெரியவள், ஆனாலும் முறைக்கு என்னை அண்ணி என்பாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு; நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்டோபரில் வலது மார்பை எடுத்தார்கள். இரண்டு வாரம் தேறிக்கொண்டு போகிறேன் என்று வந்தாள். ஐந்து மாதம் ஆகிறது. பின் அறையில் திரையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றேகால் மணி நேரப் பஸ் பயணத்தில் அவளுடைய வீடு, அவளுடைய முடி வெட்டும் கடை, இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. வலது கை தோளுக்கு மேல் போகாமல் எப்படிக் கத்தரி பிடிப்பாள்?

கோலை அனுப்பியது அவளுக்குக் கைப்பயிற்சி சொல்லித் தரும் பிசியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் ஒரு குழு கூடுகிறதாம், எல்லோரும் இதே அறுவை சிகிச்சை ஆனவர்கள். ஃபிளை ஃபிஷிங் செய்கிறார்கள். கனமில்லாத கோலை மெதுவாக முன்னும் பின்னும் வீசுவது தோளுக்கு நல்ல பயிற்சி என்கிறாள். கோல் குழு தரும். ரீலை அவரவர் கோலுக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாத்தனார் பையைத் திறக்கவே இல்லை. "வாசலுக்குப் போகவே மனசு வரல, ஆத்துக்கு எங்க போறது?" என்றாள் இவரிடம். என்னிடம் அவ்வளவாகப் பேசமாட்டாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், "அண்ணி மனுஷங்களையும் தராசுல வச்சுத்தான் பார்ப்பாங்க" என்று இவரிடம் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அன்று முதல் நானும் அளவோடுதான்.

ரீலை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். காரணத்தை இங்கேயாவது எழுதுகிறேன். கை சரியானால் கடையைத் திறப்பாள். கடையைத் திறந்தால் கிளம்புவாள். எனக்கு என் வீடு வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

மார்ச் 5, வியாழன்

ரீல் என்றால் நூல் சுற்றுகிற சக்கரம், எதையோ ஒன்றை மாட்டினால் போயிற்று என்று நினைத்திருந்தேன். இல்லையாம்.

மற்றத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டே கிடையாது. நுனியில் பூச்சி போலக் கட்டிய இறகு, ஊதினால் பறந்துவிடும். அதனால் நூலிலேயே கனம் வைத்துச் செய்கிறார்கள்; அதற்கு லைன் என்று பெயர். லைன்தான் இறகைத் தூக்கிக்கொண்டு போகிறது. கோலுக்கு ஓர் எண் உண்டு. நம்முடையது ஐந்து. ஐந்தாம் எண் கோலுக்கு ஐந்தாம் எண் லைன், அந்த லைன் கொள்ளும் ரீல். அதோடு ரீலின் எடை கோலைச் சமன் செய்ய வேண்டும். ரீல் லேசாக இருந்தால் நுனி தாழும், மணிக்கட்டு வலிக்கும். கனத்தால் அடி இழுக்கும்.

இது என் தொழில்! மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் இதைத்தான் படித்தேன்.

மார்ச் 7, சனி

தூண்டில் கடைக்குப் போனேன். கோலையும் கையடக்கத் தராசையும் எடுத்துக்கொண்டுதான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடும் மனிதர் கடைக்காரர். நான் தராசை வைத்துப் பூஜ்யம் செய்ததும் கேட்டார்: "மேடம், மீன் பிடிக்கவா, தங்கம் நிறுக்கவா?"

கோல் 92 கிராம். "ராடு எடையில ஒன்றரைப் பங்கு ரீல் இருக்கட்டும். சுமாரா நூத்தி நாப்பது. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். சுமாராவா? என்னிடமா? ஏழு ரீல்களை ஒவ்வொன்றாக மாட்டி, லைனைச் சுற்றி, பிடியின் முன் விளிம்பை விரலில் தாங்கிப் பார்த்தேன். நூற்று நாற்பதில் நுனி கொஞ்சம் தாழ்ந்தது. நூற்று எழுபத்தெட்டில் கோல் விரல் மேல் அப்படியே படுத்தது. அசையவில்லை.

"கனம் ஜாஸ்தி இல்லையா? யாருக்கு இது?"

"வீட்ல ஒருத்தருக்கு. தராசு பொய் சொல்லாதுங்க."

"சொல்லாது. கேக்கறதுக்குத்தான் பதில் சொல்லும்" என்று சிரித்தார். வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டேன். எந்தக் கையால் சுற்றுவார்கள் என்று கேட்டார். வலது கைக்காரி, வலது என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

கூடத்தில் கோலை விரலில் தாங்கி இவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பின் அறைக் கதவு திறந்தது. நாத்தனார் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள், வலது தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு. இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறாள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னது இதைத்தானா அண்ணி?"

இவர் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் கிண்டல். "அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கிறேன், இவ்வளவு பண்ணிட்டீங்க" என்றாள்.

ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. கிளம்பும் நாளைக்கூட மனதுக்குள் குறித்துவிட்டேன் — ஏப்ரல் கடைசி.

மார்ச் 15, ஞாயிறு

போனாள். நானும் போனேன், துணைக்கு.

பதினொரு பெண்கள், முழங்கால் ஆழத் தண்ணீரில் ஆளுக்கொரு பக்கம். யாரும் யாரையும் "எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு" என்று கேட்கவில்லை. முதல் சில வீச்சுகளில் லைன் அவள் தலையிலேயே விழுந்தது. பிறகு ஒருமுறை நீளமாக, வளைவாகப் போய்த் தண்ணீரில் படிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்து வெகு நாளாகிறது.

கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டை உதறினாள். "வலிக்குதா?" என்றேன். "இல்ல." பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தாள் பிசியோ. முதல் நாள், சந்தோஷமாக இருக்கிறாள், எதற்குத் தடுக்க வேண்டும் என்று நானும் சும்மா இருந்தேன். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

கை வீங்கிவிட்டது. விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை. மோதிரத்தை இவர்தான் சோப்புப் போட்டுக் கழற்றினார்.

என் தப்பு. என் தப்புதான். வேறு யாருடையது?

மார்ச் 17, செவ்வாய்

பிசியோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த கை, அளவு மீறினால் நீர் கோத்துக்கொள்ளும், கட்டுப் போட்டு உயர்த்தி வைத்தால் வடியும் என்றாள். பிறகு ரீலைக் கையில் வாங்கி, "இவ்வளவு கனமா?" என்றாள்.

"சமன் சரியா இருக்கு."

"சரியா இருக்கலாம். மொத்தக் கனத்தையும் தூக்கறது அவங்கதானே?"

ஆமாம். நுனி ஒரு விரல் தாழக் கூடாது என்று முப்பத்தெட்டு கிராமை அந்தக் கையில் ஏற்றியிருக்கிறேன். அதுவும் லைன் முழுவதையும் சுற்றி வைத்துப் பார்த்த சமன். வீசும்போது லைன் வெளியே போய்விடும், ரீல் லேசாகிவிடும், நுனியில் தொங்கும் ஒரு கிராம் பின்னால் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கிராமை விழுங்கிவிடும். நெம்புகோல் கணக்கு. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். வாழ்நாளெல்லாம் ஆடாமல் வைத்து எடை பார்த்தே பழகிய எனக்கு, கோல் என்றால் ஆடும் என்பது தோன்றவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். சறுக்கியது நான், வீங்கியது அவள் கை.

மார்ச் 21, சனி

நாலு நாளாகப் பின் அறைத் திரை மறுபடி மூடியே இருக்கிறது. இவர் பஸ் டெப்போ வேலை முடிந்து வந்ததும் அவளிடம் கொஞ்ச நேரம், என்னிடம் கொஞ்ச நேரம். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடின்னா, இப்ப ரெண்டு பக்கமும் மௌனம். அடியே தேவலாம்" என்றார்.

சாயங்காலம் நானே உள்ளே போனேன். தலையணை மேல் கட்டுப் போட்ட கை. "மன்னிச்சிடு" என்றேன். அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நீங்க நிறுத்தச் சொல்லியிருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்."

"ரீலும் தப்பு."

"அது ஆத்துலயே தெரிஞ்சுது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டேன்." கட்டுப் போட்ட கையைத் தலையணையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "லைன் அவ்வளவு தூரம் போச்சே அண்ணி. இந்தக் கைதான் போட்டுச்சு. செத்த கைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

என்னவோ சாமான் எடுக்க வந்தவள் மாதிரி அலமாரியைத் திறந்து மூடிவிட்டு வந்தேன்.

மார்ச் 28, சனி

வீக்கம் வடிந்துவிட்டது. "கடைக்கு நானும் வரேன்" என்றாள். ஆஸ்பத்திரியும் அந்த ஆறும் தவிர அவள் வெளியே வந்த முதல் இடம்.

தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கடைக்காரர் மேசையைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், "உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார்.

இந்த முறை லைனைச் சுற்றியதோடு விடவில்லை. பின்வாசல் புல்வெளியில் பத்து மீட்டர் லைனை வெளியே விட்டு, ஒவ்வொரு ரீலோடும் இரண்டே வீச்சு, நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு. நான் கடிகாரம் மட்டும் பார்த்தேன். நூற்று நாற்பது — இல்லை. நூற்று இருபது — யோசித்தாள். கடைசியாக நூற்று எட்டு. நடுவில் ஓட்டை ஓட்டையாகக் குடைந்து எடுத்த சக்கரம், உள்வட்டம் பெரியது, ஒரு சுற்றுக்கு நிறைய லைன் ஏறும், கை குறைவாகச் சுற்றினால் போதும். விரலில் தாங்கினால் நுனி நன்றாகவே தாழும். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இதுதான். இது கையில இருக்கறதே தெரியல."

கைப்பிடியை இடது பக்கம் மாற்றித் தரச் சொன்னாள். கோல் வலது கையிலேயே இருக்கட்டும், சுற்றுகிற வேலையை இடது பார்த்துக்கொள்ளட்டும் என்று. முதலிலேயே அவளிடம் கேட்டிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை.

கடைசி வீச்சில் கடைக்காரர் நல்ல எண்ணத்தில் சொன்னார்: "வலது தோளை எறக்குங்கம்மா. ஏன் தூக்கிப் பிடிக்கறீங்க?"

"அந்தப் பக்கம் கனம் இல்லைங்க. அதான் தானா தூக்குது" என்றாள், வெயில் அடிக்கிறது என்று சொல்வது போல. அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, ரீலுக்கு ஒரு துணிப்பை தேடப் போய்விட்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "ராடைச் சமன் பண்ணியாச்சு அண்ணி. என்னை யாரு பண்றது?" என்றாள். விளையாட்டாகத்தான். எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

இதை எழுதலாமா? எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிலிக்கான் மார்பு கொடுத்திருந்தார்கள், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள. பெட்டியோடு இழுப்பறையில் கிடக்கிறது. ஏன் போடுவதில்லை என்று காலையில் கேட்டேன். "இழுக்குது. கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி." அளவு பார்த்து வாங்கவில்லையா? "அன்னைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கல. ஏதோ ஒண்ணு குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

எடுத்துத் தராசில் வைத்தேன். 540 கிராம்.

"இன்னொரு பக்கம் எவ்வளவு இருக்கும்?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. தொழில் புத்தி. வந்த பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் என்னை முறைத்தாள். பிறகு, "எப்படிப் பார்ப்பீங்க?" என்றாள்.

தராசில் வைக்க முடியாததைத் தண்ணீரில் பார்க்கலாம். பெரிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு பாத்திரம், விளிம்பு வரை வெதுவெதுப்பான தண்ணீர். உள்ளே போவது எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு தண்ணீர் வெளியே வழியும். வழிந்ததை எடை போட்டால் போதும். உடம்பும் தண்ணீரும் கனத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். இவரை ஒரு நீளமான சாமான் பட்டியலோடு கடைக்கு அனுப்பினோம். குளியலறைக் கதவைத் தாழிட்டோம்.

சட்டையைக் கழற்றினாள். வலது பக்கம் தட்டையாக, அக்குள் வரை போகும் ஒரு கோடு. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"பாருங்க அண்ணி. நானே இன்னும் சரியாப் பார்க்கல. யாராவது ஒருத்தர் பார்த்து வைங்க."

பார்த்தேன். அழகாகத் தைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அது உண்மை. அவள் தலையை ஆட்டினாள்.

குனிந்தாள். தண்ணீர் வழிந்தது. 412. துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றேன்.

"எதுக்கு?"

"மூணு தடவை எடுத்து சராசரி பார்க்கணும். அதான் முறை."

"முறையா? உங்க ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்பப் போறீங்களா? முத்திரை எங்க குத்துவீங்க?"

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தோம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதில் இரண்டாவது அளவு கெட்டுப்போய் மறுபடி எடுத்தோம். 408. மூன்றாவது 410. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. துண்டைப் போர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவள் தோள் என் தாடையில் இடித்தது. ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், ஒருமுறைகூட நான் அவளைத் தொட்டதில்லை. என்ன ஜென்மம் நான்!

நூற்று முப்பது கிராம் அதிகம். அந்தக் கனத்தை அவள் வேண்டாம் என்று இழுப்பறையில் போட்டது எவ்வளவு நியாயம்.

மார்ச் 31, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொண்டு வந்தோம். 410 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "எப்படி இவ்வளவு கரெக்டா?" என்றாள் அங்கிருந்தவள். சிட்டு என் காலை மிதித்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆறு. பத்து நிமிடம். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பதினைந்து நிமிடம். வீக்கம் இல்லை. நேற்று அவளே தலைக்கு மேல் கையைத் தூக்கி மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்தாள். இவர் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு முகம் கழுவப் போனார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மீன்! ரீல் கிர்ரென்று கத்தியது. கோல் வளைந்த வளைவில் ஒடிந்துவிடும் என்று நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை. ஓடவிட்டாள், சுற்றினாள், மறுபடி ஓடவிட்டாள். நடுவில் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

"நான் பிடிக்கட்டா?"

"ராடைத் தொடாதீங்க. கையைப் பிடிங்க."

செருப்போடு தண்ணீரில் இறங்கி அவள் முழங்கைக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்தேன். கையின் கனம் என்னிடம் வந்தது. மற்றதை அவள் பார்த்துக்கொண்டாள். பழுப்பு முதுகும் புள்ளியுமாக மீன் வந்தது. முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டாள். "எவ்வளவு இருக்கும் அண்ணி?" என்றாள். சத்தியமாகத் தெரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 30, வியாழன்

கிளம்புகிறாளாம். சனிக்கிழமை. மார்ச்சில் நான் மனதில் குறித்த ஏப்ரல் கடைசிக்கு இரண்டு நாள்தான் தள்ளி. இரண்டு நாளாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். "உனக்கு என்னதான் வேணும்?" என்றார் இவர். தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

மே 2, சனி

பெட்டி கட்டும்போது உதவினேன். ரீலைத் துணிப்பையில் போட்டு, துணிமணிக்கு நடுவில் செருகினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணி, மொத மொத ரீல் தேடினது என்னை அனுப்பத்தானே?"

பொய் சொல்ல நேரமிருந்தது. வாய் வரவில்லை. "ஆமா. மொதல்ல ஆமா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அனுப்பணும்னு நெனச்சாதான் நல்லாத் தேடுவீங்கன்னு விட்டுட்டேன்." திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் எதுக்குத் தேடினீங்க?"

பெட்டி மூடியை அழுத்திப் பிடித்தேன், அவள் பூட்டினாள். பஸ் கிளம்பும்போது, "சிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று கத்தினேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டு இவர் கேட்டதில்லை.

மே 6, புதன்

வீடு எனக்கே. நாள் முழுக்க. நன்றாக இல்லை.

மே 10, ஞாயிறு

நேற்று போன் செய்தாள். கடை திறந்து நாலு நாள், ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் வெட்டுவதில்லையாம். "நாளைக்கு ஆத்துக்கு வரேன். நீங்க வரணும்னு இல்ல. சும்மா சொன்னேன்" என்றாள்.

ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன். பாலத்தடியில் எல்லோரும் கோல்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேடிக்கொண்டு நடந்தேன், எங்கேயாவது ஒரு வலது தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு தெரிகிறதா என்று. இல்லை. பஸ்ஸை விட்டிருப்பாள் என்று நினைத்தேன். கரையோரம், இரண்டு தோளும் நேராக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று லைன் கோத்துக்கொண்டிருந்த ஒருத்தியைத் தாண்டிப் போய்விட்டேன்.

"அண்ணி, எங்க போறீங்க?" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது.